காட்டிலிருந்து வந்த தலைவர்

அகில பாரதிய மராத்தி சாகித்ய சம்மேளனத்தின் தலைவர் நாற்காலி பெரும்பாலும் கவிஞர்களுக்கும் நாவலாசிரியர்களுக்கும் விமர்சகர்களுக்கும் உரியது. 1878இல் நீதிபதி ரானடேயின் முயற்சியால் புனேயில் தொடங்கிய சபை அது. 2006இல் சோலாப்பூரில் 79வது சம்மேளனம் கூடியபோது அந்த நாற்காலியில் அமர்ந்தவர், பறவைகளையும் மரங்களையும் பற்றியே எழுதிவந்த ஓய்வுபெற்ற வனத்துறை அதிகாரி. பெயர் மாருதி சித்தம்பள்ளி. 1932இல் அதே சோலாப்பூரில் பிறந்தவர். தாய்மொழி தெலுங்கு.

உள்ளூர்க்காரரை உள்ளூர் கௌரவித்தது என்று இதை ஒதுக்கிவிட முடியாது. சோலாப்பூர் மழை குறைந்த நெசவு நகரம். காடு என்று சொல்ல அருகில் பெரிதாக எதுவும் இல்லை. கானமயிலுக்காக ஒதுக்கப்பட்ட நான்னஜ் புல்வெளிதான் உண்டு. அங்கிருந்து கிளம்பிய சித்தம்பள்ளி வனவியல் படித்தது நம் கோயம்புத்தூரில், 1958 முதல் 1960 வரை. பிறகு மும்பைக்காரர்கள் ஞாயிற்றுக்கிழமை தேடிப்போகும் கர்நாளா, விதர்பாவின் நவேகாவ் பாந்த், நாக்சிரா, மேல்காட் என்று முப்பது ஆண்டுகளுக்கு மேல் காட்டிலேயே வேலை.

அவர் குறித்து வைத்தது விலங்குகளை மட்டுமல்ல, சொற்களையும்தான். பழங்குடியினரும் ஏரி மீனவர்களும் பறவைகளுக்கு வைத்திருந்த பெயர்களைக் கேட்டு எழுதிக்கொண்டார். சொல் கிடைக்காதபோது தானே உருவாக்கினார். காக்கைகள் கூட்டமாகத் தங்கும் இடம் 'காகாகார்'. நாரைகளும் கொக்குகளும் சேர்ந்து கூடு கட்டும் இடம் 'சாரங்காகார்'. நம் வேடந்தாங்கல் அப்படிப்பட்ட இடம்தான். 1798இலேயே கலெக்டரிடம் பாதுகாப்பு உத்தரவு வாங்கிய அந்த ஊரை நாம் சரணாலயம் என்ற பொதுச் சொல்லிலேயே அடக்கிவிட்டோம்.

தமிழில் ஆளே இல்லையா? இருந்தார். நாவலாசிரியர் அ. மாதவையாவின் மகன் மா. கிருஷ்ணன், 1950 முதல் 1996இல் மறையும் வரை கல்கத்தா 'ஸ்டேட்ஸ்மன்' இதழில் இயற்கை பற்றி எழுதினார். ஆனால் ஆங்கிலத்தில். அவருடைய தமிழ்க் கட்டுரைகள் 'மழைக்காலமும் குயிலோசையும்' என்ற தொகுப்பாக வந்தது அவர் போன பிறகுதான். தொகுத்தவர் தியடோர் பாஸ்கரன்.

இதில் உல்லாஸ்நகர் வாசகருக்கு என்ன இருக்கிறது? நிறையவே. 1949இல் கவர்னர் ஜெனரல் ராஜாஜி அடிக்கல் நாட்டிய அந்த அகதிகள் நகரம், ஓர் ஆற்றின் பெயரைத் தாங்கியது. இன்று ஊருக்குள் ஓடும் வால்துனி ஆறு சாயமும் சாக்கடையுமாக இருக்கிறது. உல்லாஸ், வால்துனி மாசு விவகாரம் தேசியப் பசுமைத் தீர்ப்பாயம் வரை போயிற்று. கழிவின் அளவை வழக்குக் கட்டுகள் சொல்லும். அந்தக் கரையில் எந்தப் பறவை இறங்கியது, அதைக் கரைவாசிகள் எப்படி அழைத்தார்கள் என்பதை யார் சொல்வது? மாட்டுங்காவிலோ செம்பூரிலோ கூடும் வாசகர் வட்டம், சினிமாப் பாடலாசிரியருக்கும் பட்டிமன்ற நடுவருக்கும் பதிலாக ஒருமுறை இப்படி ஒருவரை அழைத்துப் பார்க்கலாம். மராத்தியில் பேசினாலும் பாதகமில்லை. கடைத்தெருவில் பேசும் மொழிதானே.

சித்தம்பள்ளியை இனி அழைக்க முடியாது. 2025 ஜனவரியில் பத்மஸ்ரீ அறிவித்தார்கள். ஜூன் 18 அன்று சோலாப்பூரில் காலமானார். அவருடைய 'பக்ஷிகோஷ்' மராத்தியில் இருக்கிறது. தமிழில் அதை யாராவது கொண்டுவர வேண்டும்.