வெடியுப்பும் மீன் தொட்டியும்

சின்னத் தொட்டியில் நன்றாக இருந்த கோல்டு ஃபிஷ்ஷை, பாவம் இடம் பத்தவில்லை என்று இரண்டடித் தொட்டி வாங்கி மாற்றுகிறார்கள். தொட்டி புதுசு, கலர் கல் புதுசு, மோட்டார் புதுசு. தண்ணீர் அடிவரை தெளிவாக இருக்கிறது. முதல் சில நாள் மீனும் குஷியாக நீந்துகிறது. பிறகு இரை எடுக்காது. மேலே வந்து வாயைத் திறந்து திறந்து மூடும். ஒரு நாள் காலையில் மிதக்கும். வீட்டில் கண்ணு பட்டுவிட்டது என்பார்கள். கடைக்காரர் "தண்ணி செட் ஆகல" என்பார். கடைக்காரர் சொல்வது சரிதான். ஆனால் தண்ணீரில் எது செட் ஆகவில்லை என்பதை யாரும் சொல்வதில்லை.

மீன் தன் கழிவின் பெரும்பகுதியைச் செவுள் வழியாக அம்மோனியாவாக வெளியேற்றுகிறது. தின்னாமல் கீழே போன இரை அழுகினாலும் அம்மோனியாதான். அதற்கு நிறம் கிடையாது. மீனைக் கொல்லும் அளவு இருந்தாலும் நம் மூக்குக்குத் தெரியாது. பழகிய தொட்டியில் ஒரு வகை பாக்டீரியா இதை நைட்ரைட்டாக மாற்றுகிறது. நைட்ரைட்டும் விஷமே, மீனின் ரத்தம் ஆக்ஸிஜனைச் சுமக்க விடாது. இன்னொரு வகை பாக்டீரியா அதை நைட்ரேட்டாக மாற்றும். நைட்ரேட் அளவு மீறினால்தான் தொல்லை; வாரம் ஒருமுறை கால்வாசித் தண்ணீரை மாற்றினால் அது கட்டுக்குள் இருக்கும். இந்த இரண்டு கூட்டமும் தொட்டியில் குடியேறிப் பெருகுவதைத்தான் மீன் வளர்ப்பவர்கள் தொட்டி 'சைக்கிள்' ஆகிவிட்டது என்கிறார்கள். புதுத் தொட்டியில் இவை இல்லை.

நைட்ரேட் என்றால் சிவகாசி வட்டாரத்தில் யாருக்கும் புதிதல்ல. கருந்திரிக்குள் இருக்கும் வெடியுப்பு பொட்டாசியம் நைட்ரேட். பச்சை ஒளிக்குப் போட்டுவந்த பேரியம் நைட்ரேட்டுக்காக உச்ச நீதிமன்றம் வரை வழக்கு நடந்திருக்கிறது. இன்றைக்கு வெடியுப்பு ரசாயன ஆலையிலிருந்து மூட்டையில் வருகிறது. ஒரு காலத்தில் வெடியுப்பு மண்ணிலிருந்து வந்தது. பீகாரில் நோனியா சமூகத்தார் மாட்டுக் கொட்டிலிலும் வீட்டோரத்திலும் மண்ணைச் சுரண்டி, கரைத்து, வடித்து, காய்ச்சி எடுத்த வெடியுப்பைத்தான் கிழக்கிந்தியக் கம்பெனி கப்பல் கப்பலாக ஏற்றிப் போனது. மாட்டு மூத்திரத்தின் அம்மோனியாவை அந்த மண்ணில் நைட்ரேட்டாக மாற்றியது யார்? உங்கள் மீன் தொட்டியில் வேலை செய்ய வேண்டிய அதே கூட்டம்.

இது உயிர்களின் வேலை என்பதை 1877-இல் ஷ்லோசிங், முன்ட்ஸ் என்ற இரண்டு பிரெஞ்சுக்காரர்கள் காட்டினார்கள். நீளமான குழாயில் மணலையும் சுண்ணாம்புக் கல்லையும் நிரப்பி, மேலிருந்து சாக்கடை நீரை மெல்ல இறங்க விட்டார்கள். இருபது நாள் வரை ஒன்றும் நடக்கவில்லை. உள்ளே போன அம்மோனியா அப்படியே வெளியே வந்தது. அதன் பிறகு நைட்ரேட் வரத் தொடங்கியது, அம்மோனியா குறைந்துகொண்டே போய் மறைந்தது. குளோரோஃபார்ம் ஆவியைச் செலுத்தியதும் எல்லாம் நின்றுவிட்டது. பிறகு வளமான மண்ணைக் கரைத்து மேலே ஊற்றினார்கள், மறுபடியும் தொடங்கியது. தொட்டி மாற்றுகிறவருக்குத் தெரிய வேண்டியது இந்தச் சோதனையிலேயே இருக்கிறது. சும்மா விட்டால் வாரக்கணக்கில் காத்திருக்க வேண்டும். ஏற்கெனவே பாக்டீரியா ஏறிய இடத்திலிருந்து கொஞ்சம் எடுத்துப் போட்டால் காலம் சுருங்கும்.

அப்படிப்பட்ட இடம் உங்கள் வீட்டிலேயே இருக்கிறது: பழைய தொட்டியின் ஃபில்டர் ஸ்பாஞ்ச். தயிருக்கு உறை போல, புதுத் தொட்டிக்கு அதுதான் உறை. பழைய தண்ணீரில் ஒரு வாளி ஊற்றினால் போதும் என்று பலர் நினைக்கிறார்கள். இந்தப் பாக்டீரியா தண்ணீரில் அதிகம் மிதப்பதில்லை. ஸ்பாஞ்சின் துளைகளிலும் அடிக் கல்லிலும் வழுவழுப்பான படலமாக ஒட்டிக்கொண்டு வாழ்கிறது. பழைய தண்ணீரோடு வருவது பெரும்பாலும் அழுக்குதான்.

ஆகவே மீன் மாறும் நாளில் பழைய ஃபில்டரும் கூடவே மாற வேண்டும். பழைய தொட்டித் தண்ணீரை ஒரு வாளியில் எடுத்து, அதற்குள் ஸ்பாஞ்சை இரண்டு முறை லேசாகப் பிழியுங்கள். பழுப்பாகச் சகதி கலங்கி வரும். அத்தோடு நிறுத்திக்கொள்ளுங்கள். ஸ்பாஞ்ச் இன்னும் அழுக்காகத்தான் தெரியும், தெரியட்டும். குழாயடியில் வைத்து வெளுக்கக் கழுவினால் குளோரினில் பாதி போகும், சோப்பு போட்டால் மிச்சமும் போகும். ஈரம் காயாமல் உடனே புதுத் தொட்டியில் மாட்டி மோட்டாரைப் போட்டுவிடுங்கள். பழைய கல்லில் இரண்டு கைப்பிடியை வெங்காயம் வரும் வலைப் பையில் கட்டி ஃபில்டர் பக்கத்தில் போடலாம். புது ஃபில்டரும் வாங்கியிருந்தால் இரண்டும் ஒரு மாதம் சேர்ந்து ஓடட்டும்.

மீன் எண்ணிக்கை அதேதான் என்றால் அம்மோனியாவும் அதே அளவுதான். பழைய ஸ்பாஞ்சில் உள்ள கூட்டமே பெரும்பாலும் சமாளித்துவிடும். பெரிய தொட்டி ஆயிற்றே என்று அன்றைக்கே இன்னும் நாலு மீன் வாங்கிப் போடுவதுதான் காரியத்தைக் கெடுக்கிறது. இந்தப் பாக்டீரியா ஒன்று இரண்டாவதற்கே பல மணி நேரம், சில சமயம் ஒரு நாளுக்கு மேலும் ஆகும். புதிய மீன்களை இரண்டு மூன்று வாரம் கழித்து, ஒன்றிரண்டாகச் சேர்க்கலாம்.

கிண்ணத்தில் ஃபில்டரே இல்லாமல் ஃபைட்டர் வளர்த்தவரிடம் எடுத்துப்போக ஒன்றும் இல்லை. தெரிந்தவர் வீட்டில் நோயில்லாத தொட்டி இருந்தால் ஒரு துண்டு ஸ்பாஞ்ச் கேட்டு வாங்குவது நல்லது. அதுவும் இல்லையென்றால், மீன் கிண்ணத்திலேயே இருக்கட்டும். காலியான புதுத் தொட்டிக்கு நாமே அம்மோனியா கொடுக்க வேண்டும். இரண்டடி நீளம், ஓரடி அகலம், ஓரடி உயரம் உள்ள தொட்டி 56 லிட்டர். கல்லும் மேல்விளிம்பும் போக 50 என்று வைத்துக்கொள்ளுங்கள். நவச்சாரம் என்று நாட்டு மருந்துக் கடையில் கிடைப்பதும் அம்மோனியம் குளோரைடுதான், ஆனால் அதில் கலப்பு இருக்கலாம். பரிசோதனைக்கூடப் பொருள் விற்கும் கடையில் சுத்தமானதை வாங்குங்கள். 6 கிராமை ஒரு லிட்டர் நீரில் கரைத்து, அதில் 50 மில்லியைத் தொட்டியில் ஊற்றினால் லிட்டருக்கு சுமார் 2 மில்லிகிராம் அம்மோனியா ஆகும். இந்த வட்டாரத்துக்கென்று ஓர் எச்சரிக்கை: அதைக் குளோரேட்டோ தீக்குச்சி மருந்தோ இருக்கும் பக்கமே வைக்காதீர்கள். கலந்தால் தானாகவே வெடிக்கக்கூடிய அம்மோனியம் குளோரேட் உண்டாகும்.

ஃபில்டர் இராப்பகலாக ஓட வேண்டும். முதலில் அம்மோனியா இறங்கும், நைட்ரைட் ஏறும். பிறகு அதுவும் இறங்கும். அம்மோனியா குறையும்போதெல்லாம் 25 மில்லி ஊற்றிக்கொண்டே வரலாம். ஒருநாள் மாலை முழு அளவு ஊற்றி, மறுநாள் மாலை சோதித்தால் அம்மோனியா, நைட்ரைட் இரண்டுமே பூஜ்ஜியம் என்று வர வேண்டும். வந்துவிட்டால் தண்ணீரில் பெரும்பகுதியை மாற்றிவிட்டு மீனை விடலாம். சாதாரணமாக நான்கிலிருந்து ஆறு வாரம் பிடிக்கும். சோதனைத் திரவம் இல்லாமல் இதில் இறங்க வேண்டாம். விலை மலிவான சோதனைப் பட்டைகள் பலவற்றில் அம்மோனியா பார்க்கும் கட்டமே இருக்காது. பாட்டிலில் விற்கும் பாக்டீரியா மேல் எனக்கு நம்பிக்கை குறைவு. வெயில் அடிக்கும் கடை அலமாரியில் மாதக்கணக்கில் இருந்ததில் எத்தனை உயிரோடு மிஞ்சியிருக்கும்?

எந்தத் தண்ணீர் ஊற்றுவது என்பது இங்கே தனிப் பிரச்சினை. சிவகாசிக்கு வெம்பக்கோட்டை அணையிலிருந்தும், விருதுநகருக்கு ஆனைக்குட்டம் அணை, தாமிரபரணித் திட்டம் என்றும் வரும் குழாய்த் தண்ணீரில் குளோரின் உண்டு. திறந்த பாத்திரத்தில் ஒன்றிரண்டு நாள் வைத்தால் போய்விடும். மூடிய சின்டெக்ஸில் அவ்வளவு சீக்கிரம் போகாது. அவசரமென்றால் ஆன்டி குளோரின் சொட்டு போதும். கேன் தண்ணீர்தான் மீனுக்கு உசத்தி என்பது தவறு. அம்மோனியாவை மாற்றும்போது தண்ணீரின் காரத்தன்மை செலவாகும்; தாதுக்கள் நீக்கிய தண்ணீரில் செலவழிக்க ஒன்றும் இருக்காது. பி.எச். சரியும், பாக்டீரியாவின் வேலையும் படுத்துவிடும். போர் தண்ணீர் இதற்கு நேர் எதிர். உப்பும் கடினமும் மிகுந்த அதில் பாக்டீரியா நன்றாக வேலை செய்யும், ஆனால் பி.எச். 7-லிருந்து 8 ஆனாலே அம்மோனியாவில் விஷமான பங்கு கிட்டத்தட்டப் பத்து மடங்காகிவிடும். குழாய்த் தண்ணீரையும் போர் தண்ணீரையும் கலந்து ஊற்றுவதே நடைமுறையில் நல்லது.

மாதாந்திரப் பராமரிப்புக்காகக் காலையிலிருந்து கரண்ட் நிற்கும் நாளில் பாக்டீரியாவுக்கும் மூச்சு முட்டும், அவற்றுக்கு ஆக்ஸிஜன் வேண்டும். மூடிய பெட்டி ஃபில்டராக இருந்தால் ஸ்பாஞ்சை எடுத்துத் தொட்டிக்குள் மிதக்க விடுங்கள். பேட்டரி ஏர் பம்ப் இருந்தால் கவலையே இல்லை. ஏர் பம்ப் அறையின் காற்றைத்தான் தண்ணீருக்குள் தள்ளுகிறது. கொசு ஸ்பிரே அடிக்கும்போதும், தீபாவளிக்குத் தெருவே புகையாக இருக்கும்போதும் சிறிது நேரம் அதை நிறுத்திவிட்டு ஜன்னலைச் சாத்துங்கள். ஆலையிலிருந்து வந்த மருந்துக் கையோடு தொட்டிக்குள் கை விடாதீர்கள்.

ஏற்கெனவே மாற்றிவிட்டு, மீன் திணறிக்கொண்டிருக்கிறதா? இரையைப் பாதியாகக் குறைத்து, தினமும் கால்வாசித் தண்ணீரை மாற்றுங்கள். 50 லிட்டருக்கு ஒரு தேக்கரண்டி கல் உப்பைக் கரைத்து விடலாம். உப்பிலுள்ள குளோரைடு, நைட்ரைட் செவுள் வழியே உள்ளே போவதைத் தடுக்கும். மாற்றும் தண்ணீரிலும் அதே கணக்கில் போட்டால் போதும், தினமும் தேக்கரண்டியாகச் சேர்த்துக்கொண்டே போக வேண்டாம். மீன் கடையில் விற்கும் நீல மருந்து வேண்டாம், அது இந்தப் பாக்டீரியாவையே கெடுக்கலாம். பழைய ஸ்பாஞ்ச் ஈரத்தோடு எங்காவது கிடந்தால் எடுத்துப் போடுங்கள்.

இனிமேல்தான் தொட்டி வாங்கப் போகிறீர்கள் என்றால், கடையில் மீனையும் அன்றே பையில் கட்டித் தருவதாகச் சொல்வார்கள். தொட்டியை மட்டும் வாங்கி வாருங்கள். மீனுக்கு அடுத்த மாதம் போகலாம்.