வளைவில் சிறு கார் விரைவது எப்படி?

கீழ்பென்னாத்தூர் வழியே செஞ்சிக்குச் செல்லும் பேருந்து வளைவில் திரும்புங்கால் பிரயாணிகளோடு ஒரு பக்கமாகச் சாய, கோயம்புத்தூர் கரிவர்தன் மாருதி 800 இயந்திரத்தைக் கொண்டு நிர்மாணித்த ஃபார்முலா மாருதி போன்ற, சக்கரங்கள் வெளியே தெரியும் ஓராசனக் கார் அத்தகைய வளைவை அதிக வேகத்தில், அவ்வளவாகச் சாயாமல் கடப்பது எதனால்?

வேகம் இரட்டித்தால் காரைத் திருப்பத் தேவையான விசை நான்கு மடங்காகிறது. அதை அளிப்பது டயருக்கும் தரைக்கும் இடையேயுள்ள உராய்வு. ஈர்ப்பு மையம் உயர்ந்த வாகனத்தில் பாரம் வெளிப்புறச் சக்கரங்களுக்குப் பெயர, அவற்றின் பிடிமானம் பாரத்தின் விகிதத்தில் வளராமையால் மொத்தப் பிடிமானம் குறைகிறது. தரையை ஒட்டி அமர்ந்த சிறு காரில் அப்பெயர்ச்சி சொற்பமே. ஆதலால், கூம்புகளுக்கிடையே கடிகாரத்தோடு போட்டியிடும் ஆட்டோகிராஸில் குதிரைசக்தியினும் லாகவமே மிகுந்த ஆனந்தம் தருவது. ஆர்வமுள்ள இளைஞர்கள் பொதுச்சாலையை விடுத்து, இருங்காட்டுக்கோட்டை, செட்டிப்பாளையம் பந்தயத் தடங்களை நாடுவார்களாக.