வயிற்றில் இரட்டைக் குழந்தையா? முதல் ஸ்கேனிலேயே கேட்க வேண்டிய கேள்வி இதுதான்! சங்கரன்கோவில் பகுதி கர்ப்பிணிகளுக்கான முழு விவரம்

கர்ப்பிணியின் பரிசோதனை அட்டையில் 'ஹை ரிஸ்க்' என்று எழுதியிருப்பதைப் பார்த்ததும் வீட்டில் எல்லோருக்கும் பயம் வந்துவிடுகிறது. இரட்டைக் கர்ப்பம் என்றாலே இந்த வார்த்தை கட்டாயம் இடம்பெறும். ஆபத்து வந்துவிட்டது என்று இதற்கு அர்த்தம் இல்லை. மற்றவர்களைவிட அடிக்கடி செக்கப் வர வேண்டும், பிரசவம் எங்கே என்பதை முன்கூட்டியே முடிவு செய்ய வேண்டும் என்று அர்த்தம்.

சங்கரன்கோவில், புளியங்குடி, திருவேங்கடம் சுற்றுவட்டாரக் குடும்பங்களுக்கு இது இன்னும் முக்கியம். சங்கரன்கோவிலில் இருந்து மாவட்டத் தலைநகரான தென்காசிக்குச் சுமார் 40 கி.மீ. குறைமாதக் குழந்தைகளுக்கான பெரிய வசதிகள் உள்ள திருநெல்வேலி அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைக்குச் சுமார் 55 கி.மீ. ராத்திரி ரெண்டு மணிக்கு வலி வந்த பிறகு எங்கே போவது என்று யோசிக்க நேரம் இருக்காது.

இரட்டைக் கர்ப்பம் அதிகரித்துவிட்டதா?

ஆமாம். உலக அளவில் ஆண்டுக்குச் சுமார் 16 லட்சம் ஜோடி இரட்டையர் பிறப்பதாக 2021-ல் வெளியான ஆய்வு சொல்கிறது. பிறக்கும் 42 குழந்தைகளில் ஒன்று இரட்டையரில் ஒன்று. குழந்தையின்மைக்கான சிகிச்சைகளும், தாமதமாகக் கருத்தரிப்பதும் முக்கியக் காரணங்கள். ஐ.வி.எஃப். முறையில் ஒன்றுக்கு மேற்பட்ட கருவைக் கர்ப்பப்பையில் வைத்தால் இரட்டைக்கான வாய்ப்பு கூடும். அதனால்தான் ஒரு சுழற்சியில் வைக்கும் கருக்களின் எண்ணிக்கைக்கு இந்தியாவில் விதிகள் கட்டுப்பாடு வைத்துள்ளன. விதிவிலக்கான சூழலில் மட்டும் 3 வரை அனுமதி உண்டு.

ஒட்டிப் பிறந்த வாழைப்பழத்தைச் சாப்பிட்டால் இரட்டைப் பிள்ளை பிறக்கும் என்று நம்ம ஊரில் சொல்வார்கள். அதற்கும் இதற்கும் எந்தச் சம்பந்தமும் இல்லை. பழம் சாப்பிட்ட மருமகளைக் குறை சொல்லவும் வேண்டாம்!

முதல் ஸ்கேனில் என்ன கேட்க வேண்டும்?

"நஞ்சுக்கொடி ஒண்ணா, ரெண்டா?" இதுதான் அந்தக் கேள்வி.

தாயிடம் இருந்து குழந்தைக்கு ரத்தமும் சத்தும் போவது நஞ்சுக்கொடி வழியாகத்தான். இரட்டையரில் மூன்று வகை உண்டு. ஒவ்வொரு குழந்தைக்கும் தனித்தனி நஞ்சுக்கொடி, தனித்தனி பனிக்குடம் இருப்பது முதல் வகை. இதில் சிக்கல் ஒப்பீட்டளவில் குறைவு. நஞ்சுக்கொடி ஒன்று, பனிக்குடம் மட்டும் இரண்டு என்பது இரண்டாவது வகை. நஞ்சுக்கொடி, பனிக்குடம் இரண்டையுமே இருவரும் பங்கிட்டுக் கொள்வது மூன்றாவது வகை. இது மிகவும் அரிது. தொப்புள்கொடிகள் ஒன்றோடொன்று பின்னிக்கொள்ளும் அபாயம் இதில்தான் அதிகம்.

இதைத் தெளிவாகக் கண்டுபிடிக்கச் சரியான நேரம் 11 முதல் 14 வாரம் வரை. இரண்டு பனிக்குடங்களுக்கு நடுவே உள்ள தடுப்பு, நஞ்சுக்கொடியில் எப்படிச் சேர்கிறது என்பதை வைத்து டாக்டர்கள் சொல்லிவிடுவார்கள். நாள் ஆக ஆக அந்த அடையாளம் மங்கிவிடும். அதனால் "அஞ்சாம் மாசம் பாத்துக்கலாம்" என்று முதல் ஸ்கேனைத் தள்ளிப்போட வேண்டாம்.

நஞ்சுக்கொடி தனித்தனி என்றால் 20 வாரத்துக்குப் பிறகு பொதுவாக 4 வாரத்துக்கு ஒருமுறை ஸ்கேன் தேவைப்படும். ஒரே நஞ்சுக்கொடி என்றால் 16-வது வாரத்தில் இருந்து 2 வாரத்துக்கு ஒருமுறை பார்க்க வேண்டும். இது டாக்டர் பணம் பறிக்கும் வேலை என்று நினைத்து இடையில் விட்டுவிடக் கூடாது. ஏன் என்பதை அடுத்துப் பார்ப்போம். அதற்கு முன் ஒரு விஷயம்: எத்தனை முறை ஸ்கேன் எடுத்தாலும் பையனா, பொண்ணா என்று கேட்பதும் சொல்வதும் 1994-ம் ஆண்டு சட்டப்படி குற்றம்.

ஒரு குழந்தையின் ரத்தம் இன்னொன்றுக்குப் போகுமா?

போகும். ஒரே நஞ்சுக்கொடியைப் பங்கிடும் இரட்டையரில் சுமார் 10 முதல் 15 சதவீதம் பேருக்கு இந்தச் சிக்கல் வருகிறது. நஞ்சுக்கொடிக்குள் இருக்கும் ரத்தக்குழாய் இணைப்புகள் வழியாக ஒரு குழந்தையின் ரத்தம் மற்றொன்றுக்குப் போய்க்கொண்டே இருக்கும். கொடுக்கும் குழந்தை வளர்ச்சி குன்றி, அதைச் சுற்றி நீர் வற்றிவிடும். வாங்கும் குழந்தைக்கு ரத்தம் அதிகமாகி இதயம் திணறும், பனிக்குட நீரும் பெருகும்.

தாய்க்குத் தெரியும் அறிகுறி என்ன? சில நாட்களிலேயே வயிறு திடீரெனப் பெரிதாகும். தோல் இறுகி, படுத்தால் மூச்சு வாங்கும். "ரெட்டைன்னா வயிறு அப்படித்தான் இருக்கும்" என்று விட்டுவிடாமல் அன்றைக்கே ஸ்கேன் பார்க்க வேண்டும். தீவிரமாகும் வரை கவனிக்காமல் விட்டால் பெரும்பாலும் இரண்டு குழந்தைகளையும் இழக்கும் நிலை ஏற்படும்.

இதற்குச் சிகிச்சை இருக்கிறது. கர்ப்பப்பைக்குள் மெல்லிய கேமரா குழாயைச் செலுத்தி, அந்த இணைப்புக் குழாய்களை லேசர் மூலம் அடைப்பார்கள். 2004-ல் வெளியான ஐரோப்பிய ஆய்வில், லேசர் சிகிச்சை பெற்றவர்களில் 76 சதவீதம் பேருக்குக் குறைந்தது ஒரு குழந்தையாவது பிழைத்தது. நீரை மட்டும் எடுத்த முறையில் இது 56 சதவீதம். சென்னை போன்ற பெருநகரங்களில் உள்ள கரு மருத்துவ மையங்களில் இது செய்யப்படுகிறது. பொதுவாக 16 முதல் 26 வாரத்துக்குள் செய்ய வேண்டும் என்பதால், 2 வார ஸ்கேனில் ஒன்றைத் தவறவிட்டாலும் வாய்ப்பு கைநழுவலாம்.

தாய்க்கு என்னென்ன பிரச்சினைகள் வரலாம்?

பி.பி.: ஒற்றைக் கர்ப்பத்தைவிட இரட்டையில் உயர் ரத்த அழுத்தச் சிக்கல் வர 2 முதல் 3 மடங்கு வாய்ப்பு அதிகம். 20 வாரத்துக்குப் பிறகு பி.பி. 140/90-ஐத் தொட்டால் உடனடி கவனம் தேவை. விடாத தலைவலி, கண் மங்கல், நெஞ்சுக்குக் கீழே மேல்வயிற்றில் வலி, முகம், கை வீக்கம் ஆகியவை எச்சரிக்கை. மேல்வயிற்று வலியை "கேஸ்" என்று நினைத்து ஓமத்தண்ணீர் குடித்துவிட்டுப் படுப்பது ஆபத்து. வலிப்பு வந்தால் உயிருக்கே சிக்கல். இதைத் தடுக்க 12 வாரத்துக்குப் பிறகு சிலருக்குக் குறைந்த அளவு ஆஸ்பிரின் கொடுப்பார்கள். யாருக்குத் தேவை என்பதை டாக்டர்தான் சொல்ல வேண்டும். பக்கத்து வீட்டில் சாப்பிட்டார்கள் என்று நாமாக வாங்கக் கூடாது.

சுகர்: தமிழ்நாட்டில் எல்லா கர்ப்பிணிகளுக்கும் சர்க்கரைப் பரிசோதனை 2007 முதல் நடைமுறையில் உள்ளது. 75 கிராம் குளுக்கோஸ் கரைத்துக் குடிக்கக் கொடுத்து 2 மணி நேரம் கழித்துப் பார்ப்பார்கள். 140-ஐத் தொட்டால் கர்ப்பகாலச் சர்க்கரை. ஒருமுறை நார்மல் என்று வந்தாலும், டாக்டர் திரும்பப் பார்க்கச் சொன்னால் பார்க்க வேண்டும்.

ரத்தசோகை: இரண்டு குழந்தைகளுக்கும் இரும்புச்சத்து இந்த ஒரு உடம்பில் இருந்துதான் போக வேண்டும். ஹீமோகுளோபின் 11-க்குக் கீழே போனால் ரத்தசோகை. இரும்புச்சத்து மாத்திரையை டீ, காபியோடு சாப்பிட்டால் உடம்பில் சேராது. எலுமிச்சைச் சாறு, நெல்லிக்காய் போன்ற புளிப்போடு சாப்பிட்டால் நன்றாகச் சேரும். கால்சியம் மாத்திரையை வேறு நேரத்தில் போட வேண்டும். பிரசவத்தில் ரத்தப்போக்கு அதிகமாக வாய்ப்பு இருப்பதால், ரத்த அளவை முன்கூட்டியே ஏற்றி வைப்பதுதான் பாதுகாப்பு.

எட்டாம் மாதக் குழந்தை பிழைக்காதா?

"ஏழு மாசத்துல பொறந்தா பொழைக்கும், எட்டு மாசத்துல பொறந்தா பொழைக்காது" என்பது கிராமங்களில் இன்னமும் கேட்கும் பேச்சு. இது தவறு. கர்ப்பப்பைக்குள் கூடும் ஒவ்வொரு வாரமும் குழந்தையின் நுரையீரலுக்கும் மூளைக்கும் லாபம்தான்.

இரட்டையரில் பாதிக்கும் மேற்பட்டோர் 37 வாரத்துக்கு முன்பே பிறந்துவிடுகிறார்கள். வயிறு விட்டு விட்டு இறுகுவது, இடுப்பு வலி, அடிவயிற்றில் அழுத்தம், நீர்க்கசிவு ஆகியவை முன்கூட்டியே பிரசவ வலி வருவதற்கான அறிகுறிகள். சீக்கிரம் போனால், நுரையீரல் முதிர்ச்சிக்காகத் தாய்க்கு ஸ்டீராய்டு ஊசி போட முடியும். இது முழுப் பலன் தர ஒன்றிரண்டு நாள் அவகாசம் வேண்டும். 32 வாரத்துக்கு முன்பு பிரசவம் நெருங்கினால், குழந்தையின் மூளையைப் பாதுகாக்க மெக்னீசியம் சல்பேட் மருந்தும் கொடுப்பார்கள்.

அப்போ படுத்தே இருக்கணுமா? தேவையில்லை. எந்தச் சிக்கலும் இல்லாதவர்களை நாள் முழுக்கப் படுக்க வைப்பதால் குறைப்பிரசவம் தடுக்கப்படுவதாக ஆதாரம் இல்லை. மாறாக, காலில் ரத்தம் உறையும் அபாயம் உண்டு. ஆனால் பாரம் தூக்குவது, விசைத்தறியில் மணிக்கணக்கில் நிற்பது போன்றவற்றைக் குறைக்க வேண்டும். பீடி சுற்றுவது "உட்கார்ந்து செய்யுற வேலைதானே" என்று தோன்றலாம். புகையிலைத் தூள் மூச்சிலும் கையிலும் படும் வேலை அது. கர்ப்ப காலத்தில் தவிர்ப்பதே நல்லது.

பிரசவத்தை எங்கே வைத்துக்கொள்வது?

சிக்கல் இல்லாத இரட்டையருக்குத் தனித்தனி நஞ்சுக்கொடி என்றால் 37-வது வாரம், ஒரே நஞ்சுக்கொடி என்றால் 36-வது வாரம், பனிக்குடமும் ஒன்றே என்றால் 32 முதல் 34 வாரம் எனப் பிரசவத்துக்குத் திட்டமிடுவது வழக்கம். இரட்டை என்றாலே சிசேரியன் என்பதும் கட்டாயம் இல்லை. முதல் குழந்தையின் தலை கீழே இருந்தால், சிசேரியனால் கூடுதல் பலன் இல்லை என்று 2013-ல் வெளியான பெரிய சர்வதேச ஆய்வு காட்டியது. ஆனால் உடனடியாக சிசேரியனுக்கு மாறும் வசதி அங்கேயே இருக்க வேண்டும்.

எனவே மருத்துவமனையைத் தேர்வு செய்யும்போது இந்த 4 கேள்விகளைக் கேளுங்கள்.

• 24 மணி நேரமும் மகப்பேறு டாக்டரும் மயக்க மருந்து டாக்டரும் இருப்பார்களா?
• ரத்த வங்கி இருக்கிறதா?
• பச்சிளம் குழந்தைகளுக்கான தீவிர சிகிச்சைப் பிரிவு இருக்கிறதா?
• ஒரே நேரத்தில் 2 குழந்தைகளுக்கு அங்கே இடம் கிடைக்குமா?

ஒன்றுக்கு 'இல்லை' என்று பதில் வந்தாலும், பரிந்துரை எங்கே என்பதை 28-வது வாரத்துக்குள் பேசி முடித்துவிடுங்கள். பிறந்த பிறகு குறைமாதக் குழந்தையை ஆம்புலன்ஸில் 55 கி.மீ. கொண்டுபோவதைவிட, வயிற்றில் இருக்கும்போதே தாயைக் கொண்டுபோவது பல மடங்கு பாதுகாப்பு.

நம்ம ஊர் வழக்கப்படி வளைகாப்பு முடிந்து தாய்வீட்டுக்கு அழைத்து வருவார்கள். திருப்பூரிலோ சென்னையிலோ பார்த்துக்கொண்டிருந்தவர் ஏழாம் மாதம் சங்கரன்கோவில் வருகிறார் என்றால், இரட்டையருக்கு அது மிக முக்கியமான கட்டம். பயணத்துக்கு முன்பே டாக்டரிடம் கேளுங்கள். எல்லா ஸ்கேன் ரிப்போர்ட்டையும், 12 இலக்க ஆர்.சி.ஹெச். எண்ணையும் கையோடு கொண்டுவந்து, வந்த வாரமே இங்குள்ள கிராம சுகாதார செவிலியரிடம் பதிவு செய்யுங்கள்.

பிறந்த பிறகு எப்படிச் சமாளிப்பது?

எடை குறைந்த குழந்தையைத் தாயின் மார்போடு தோல் படும்படி அணைத்து வைப்பதுதான் கங்காரு பராமரிப்பு. டெல்லி உட்பட 5 நாடுகளின் மருத்துவமனைகளில் நடந்து 2021-ல் வெளியான ஆய்வில், பிறந்த உடனே இதைத் தொடங்கிய குழந்தைகளில் முதல் 28 நாளில் இறப்பு 12 சதவீதமாக இருந்தது. தாமதமாகத் தொடங்கியவர்களில் 15.7 சதவீதம். இரட்டையர் என்றால் ஒரு குழந்தையை அம்மாவும் இன்னொன்றை அப்பாவோ பாட்டியோ அணைத்துக்கொள்ளலாம்.

"ரெண்டு பேருக்கும் பால் பத்துமா?" என்ற கவலை எல்லோருக்கும் வரும். எவ்வளவு அடிக்கடி குழந்தை குடிக்கிறதோ, அல்லது பாலைப் பீய்ச்சி எடுக்கிறோமோ, அந்த அளவுக்குப் பால் சுரக்கும். அதற்கு அம்மாவுக்குச் சாப்பாடும் தூக்கமும் வேண்டும். பாத்திரம், துணி, சமையல் எல்லாம் மற்றவர்கள் பார்க்க வேண்டிய வேலை. காரணமில்லாத அழுகை, தூக்கமின்மை, குழந்தையைப் பார்க்கவே பிடிக்காத மனநிலை இரண்டு வாரத்துக்கு மேல் நீடித்தால் அது 'திமிர்' அல்ல, நோய். 14416 என்ற இலவச மனநல உதவி எண்ணில் தமிழிலேயே பேசலாம்.

34 வாரத்துக்கு முன்பு அல்லது 2 கிலோவுக்குக் குறைவாகப் பிறந்த குழந்தைக்கு 30 நாளுக்குள் விழித்திரைப் பரிசோதனை அவசியம். இதைத் தவறவிட்டால் பார்வையே போகலாம்.

செலவுக்கு என்ன வழி?

அரசு மருத்துவமனைகளில் பிரசவம், சிசேரியன், மருந்து, ரத்தம் எல்லாம் இலவசம். நோயுற்ற குழந்தைக்கு ஒரு வயது வரை சிகிச்சையும் இலவசம். டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி மகப்பேறு நிதியுதவித் திட்டத்தில், தகுதியுள்ளவர்களுக்குப் பணமும் ஊட்டச்சத்துப் பெட்டகமுமாகச் சேர்த்து ரூ.18,000 மதிப்பில் உதவி கிடைக்கும். இதற்கு 12 வாரத்துக்குள் பதிவு செய்வது முக்கியம். ஒவ்வொரு மாதமும் 9-ம் தேதி கர்ப்பிணிகளுக்கான சிறப்புப் பரிசோதனையும் அரசு மருத்துவமனைகளில் நடக்கிறது.

உடனே 108-ஐ அழைக்க வேண்டியது எப்போது?

• ரத்தக்கசிவு அல்லது நீர் உடைதல்
• விட்டு விட்டு வயிறு இறுகுதல்
• கடும் தலைவலி, கண் மங்கல், வலிப்பு
• வயிறு திடீரெனப் பெரிதாகி மூச்சுத் திணறல்
• குழந்தைகளின் அசைவு குறைதல்

அழைக்கும்போது "இரட்டைக் கர்ப்பம், இத்தனை வாரம்" என்பதை முதல் வரியிலேயே சொல்லுங்கள். ரிப்போர்ட்டுகள், ஆதார், ரத்த வகை எழுதிய சீட்டு, ரத்தம் கொடுக்கத் தயாராக உள்ள இரண்டு பேரின் போன் நம்பர் ஆகியவற்றை 28-வது வாரத்தில் இருந்தே ஒரு பையில் போட்டு, வீட்டில் எல்லோருக்கும் தெரியும் இடத்தில் வைத்துவிடுங்கள்.