உங்களுக்குத் தெரியுமா? ரஷ்யப் பீங்கானும் தங்கப் பூச்சும்

போடி மலை ஏலக்காய் நமக்குத் தெரியும். அதே ஏலக்காயைத் தட்டிப் போட்டுக் கொதிக்கும் பச்சைத் தேநீரை, பெஷாவரிலும் காபூலிலும் ரோஜாப்பூ தீட்டி விளிம்பில் தங்கம் இட்ட ரஷ்யக் கெண்டிகளில் ஊற்றிக் கொடுத்தார்கள். ‘கார்ட்னர்’ கெண்டி என்றால் அங்கே தனி மரியாதை. கைதவறி உடைந்தால் எறிவதில்லை. துளையிட்டு, உலோகக் கம்பியால் தைத்துத் தருவதற்கென்றே கைவினைஞர்கள் இருந்தார்கள்!

கார்ட்னர் ஓர் ஆங்கிலேயர். மாஸ்கோவுக்கு வடக்கே வெர்பில்கி கிராமத்தில் 1766-இல் ஆலை தொடங்கியவர். ஆசியாவுக்குப் போகும் பாத்திரங்களின் அடியில் பாரசீக எழுத்திலும் முத்திரை இட்டார்கள். ‘பீங்கான்’ என்ற நம் சொல்லும் பாரசீகத்திலிருந்து வந்ததே.

ரஷ்ய அரண்மனைகளின் பூச்சாடிகளோ பிறந்தது பீட்டர்ஸ்பர்க்கில், 1744-இல் தொடங்கிய அரச ஆலையில். ரஷ்யப் பீங்கானுக்கு மண் கலவையைக் கண்டுபிடித்தவர் திமித்ரி வினோகிராதோவ். அவருக்குக் கிடைத்த பரிசு என்ன தெரியுமா? காவலும் சங்கிலியும். குடிப்பழக்கத்தைக் காரணம் காட்டி அவரை அடைத்துவைத்தே வேலை வாங்கினார்கள். 1758-இல், நாற்பது வயதைக்கூட எட்டாமல் இறந்தார். அந்த ஜாடிகளைப் பார்க்கும்போது முதலில் நினைக்க வேண்டியது அவரைத்தான்.

ஜார் மன்னர் முதலாம் நிக்கோலாஸ் காலத்தில் (1825–1855) ஆளுயர ஜாடிகளில் எர்மிட்டாஜ் அருங்காட்சியக ஓவியங்களை அப்படியே நகலெடுத்துத் தீட்டினார்கள். கிறிஸ்துமஸுக்கும் ஈஸ்டருக்கும் அவை மன்னருக்குக் காணிக்கையாகப் போயின.

அந்த ஜாடிகளில் பூசிய தங்கம் சூளையிலிருந்து மின்னிக்கொண்டு வரவில்லை. மங்கலாகத்தான் வந்தது. அகேட் கல்லால் பொறுமையாகத் தேய்த்துத் தேய்த்துத்தான் அந்தப் பளபளப்பை எடுத்தார்கள்.

1917 புரட்சிக்குப் பின், அந்த அரச ஆலையில் மிஞ்சிக் கிடந்த வெள்ளைத் தட்டுகளில் புரட்சி முழக்கங்களைத் தீட்டினார்கள். ஜார் முத்திரையும் அரிவாள் சுத்தியலும் ஒரே தட்டின் அடியில் இருப்பது இதனால்தான்.

கூடலூரிலோ சின்னமனூரிலோ உங்கள் பழைய வீட்டுப் பரணில் பூப்போட்ட பீங்கான் ஏதும் இருந்தால், அது எந்த ஊர்ச் சரக்கானாலும் சரி, முதலில் கவிழ்த்து அடியில் முத்திரை இருக்கிறதா என்று பாருங்கள். சுத்தம் செய்யப் புளியும் சாம்பலும் தேங்காய் நாரும் வேண்டாம். மேலே இருக்கும் தங்கம் மெல்லிய படலம்தான், தேய்த்தால் போய்விடும். ஈரத் துணியால் மெதுவாகத் துடைத்தாலே போதும்.