ஒரு குரோமோசோம் மாட்டாவிட்டாலும் செல் பிரியாது: அந்த இடத்தில் கை வைக்கும் நித்யகல்யாணி!

சாலையோரத்திலும் சுடுகாட்டிலும் யாரும் தண்ணீர் ஊற்றாமலேயே பூத்துக் கிடக்கும் செடி நித்யகல்யாணி. குழந்தைகளுக்கு வரும் ரத்தப் புற்றுநோய்க்கு இன்றும் கொடுக்கப்படும் ‘வின்கிரிஸ்டின்’ மருந்து இதிலிருந்து வந்ததுதான். அது எப்படி வேலை செய்கிறது? செல் இரண்டாகப் பிரியும்போது உள்ளே நடப்பதைப் பார்த்தால் புரிந்துவிடும்.

மனித செல்லில் 46 குரோமோசோம்கள். பிரிவதற்கு முன் ஒவ்வொன்றும் இரட்டையாகிவிடும். அந்த ஜோடியை ‘கோஹீசின்’ என்ற புரத வளையங்கள் சேர்த்துப் பிடித்திருக்கும். 46 ஜோடிகளையும் பிரித்து, பக்கத்துக்கு ஒன்றாக அனுப்ப வேண்டும்.

இதற்காகச் செல்லின் இரு முனைகளிலிருந்தும் நுண்குழல்கள் கிளம்புகின்றன. கயிறு என்று சொல்லலாம், ஆனால் விசித்திரமான கயிறு. டியூபுலின் என்ற புரதத் துண்டுகள் ஒட்ட ஒட்ட நீளும், கழன்றால் சுருங்கும். குரோமோசோம் எங்கே இருக்கிறது என்று அதற்குத் தெரியாது. நீண்டு துழாவும்; சிக்காவிட்டால் சுருங்கி, மறுபடி நீளும். குரோமோசோமில் இருக்கும் ‘கைனெட்டோகோர்’ என்ற கொக்கி அகப்பட்டால் பிடித்துக்கொள்ளும். ஜோடியில் ஒன்றை இந்த முனையும் மற்றதை அந்த முனையும் இழுக்க வேண்டும். இரண்டையும் ஒரே முனை பிடித்துவிட்டால் இழுவிசை சரியாக இருக்காது. பிடியை விட்டுவிட்டு மறுபடி முதலிலிருந்து.

சரி, 45 ஜோடி ரெடி, ஒன்று மட்டும் மாட்டவில்லை என்றால்? மொத்த செல்லும் காத்திருக்கும். மாட்டாத அந்தக் கொக்கி ‘பிரிக்காதே’ என்று சிக்னல் கொடுத்துக்கொண்டே இருக்கும். கடைசி ஜோடியும் மாட்டியதும் சிக்னல் நிற்கும். ‘செபரேஸ்’ என்ற நொதி வளையங்களை வெட்டும். எல்லா ஜோடிகளும் கிட்டத்தட்ட ஒரே நேரத்தில் பிரியும்.

வின்கிரிஸ்டின் போய் ஒட்டிக்கொள்வது டியூபுலினில். நுண்குழல் ஒழுங்காக உருவாகாது, கொக்கிகள் காலியாகக் கிடக்கும். செல் காத்திருக்கும்... காத்திருந்தே பல செல்கள் செத்துப்போகும். அடிக்கடி பிரியும் புற்றுநோய் செல்கள் இதில் அதிகம் மாட்டும். முடியின் வேரில் இருக்கும் செல்களும் அப்படிப் பிரிபவைதான், அதனால்தான் முடி கொட்டுகிறது. கை கால் மரத்துப்போவது வேறு கதை. நரம்பு செல்கள் பிரிவதில்லை. ஆனால் நீளமான நரம்பிழைக்குள் சரக்கு போகும் தண்டவாளமும் இதே நுண்குழல்தான்.

1950களில் கனடாவில் ராபர்ட் நோபிளும் சார்லஸ் பீரும் இந்தச் செடியைச் சோதித்தது சர்க்கரை நோய்க்காக. எலிகளுக்குச் சர்க்கரை குறையவில்லை, ரத்த வெள்ளையணுக்கள் சரிந்தன. அந்த வழியில் கிடைத்ததுதான் வின்கிரிஸ்டினின் நெருங்கிய உறவான வின்பிளாஸ்டின்.

அப்போ இலையைக் கஷாயம் வைத்துக் குடிக்கலாமா? கூடாது. இலையில் 70க்கும் மேற்பட்ட ஆல்கலாய்டுகள் இருக்கின்றன, வின்கிரிஸ்டின் அதில் மிக மிகக் கொஞ்சம். மருத்துவமனையில் உடல் அளவைக் கணக்கிட்டு, ரத்தக் குழாய் வழியாக மட்டுமே ஏற்றப்படும் மருந்து அது.