மரை பிடிக்காத 84 போல்ட்டுகள்

1990 ஜூன் 10 காலை. பர்மிங்காமிலிருந்து ஸ்பெயினின் மாலகாவுக்குக் கிளம்பிய பிரிட்டிஷ் ஏர்வேஸ் விமானம் 17,300 அடி உயரத்தில் இருந்தபோது, விமானி அறையின் இடப்பக்க முன்கண்ணாடி பிய்த்துக்கொண்டு பறந்தது. உள்ளே இருந்த காற்று சீறி வெளியேற, கேப்டன் டிம் லங்காஸ்டரின் பாதி உடல் வெளியே இழுபட்டது. பணியாளர்கள் அவர் கால்களை விடாமல் பிடித்துக்கொண்டார்கள். துணை விமானி சவுத்தாம்ப்டனில் விமானத்தை இறக்கினார். கேப்டன் உட்பட அனைவரும் பிழைத்தார்கள்.

கண்ணாடியை மாற்றி 27 மணி நேரம்தான் ஆகியிருந்தது. அதைப் பிடித்திருந்த 90 போல்ட்டுகளில் 84 விட்டத்தில் சிறியவை. மற்ற 6 போல்ட்டுகளுக்கு விட்டம் சரி, நீளம் 2.5 மி.மீ. குறைவு.

விட்டத்தில் எவ்வளவு குறைவு? 0.66 மி.மீ. வேண்டியது 4.83, போட்டது 4.17. இரண்டிலும் அங்குலத்துக்கு 32 மரை. வினையே அங்கேதான். மரை எண்ணிக்கை வேறாக இருந்தால் நட்டுக்குள் சில சுற்றிலேயே சிக்கி நின்று தவறைக் காட்டிக்கொடுத்திருக்கும். ஒன்றாக இருந்ததால் சுளுவாக ஏறிவிட்டது. இந்த அளவு போல்ட்டில் மரையின் கடி ஏறத்தாழ அரை மில்லிமீட்டர் ஆழம்தான். விட்டம் 0.66 குறைந்தால் பக்கத்துக்கு 0.33 போய்விடும். மிச்சமிருப்பது நுனியோடு நுனி உரசும் தொடுகை. அந்தக் கண்ணாடியோ வெளியிலிருந்து பொருத்தப்படுவது. உள்ளழுத்தம் முழுவதையும் போல்ட்டுகளே தாங்கவேண்டும்.

பழைய போல்ட்டைக் கையில் வைத்துக்கொண்டு, வெளிச்சம் போதாத இடத்தில், கண்ணளவாக ஒப்பிட்டு எடுத்ததால் வந்தது இது. ‘இதே மாதிரி நூறு கொடுங்கள்’ என்று சாம்பிளை நீட்டும் ஒவ்வொரு பட்டறைக்காரரும் இதை அறிந்திருக்கவேண்டும் என்று நினைக்கிறேன்.

வெர்னியர் காலிப்பர் இருந்தால் போதுமா? போதாது. எம்8 போல்ட்டின் வெளிவிட்டம் சரியாக 8 மி.மீ. இருக்காது, வழக்கமான தரத்தில் 7.76 முதல் 7.97 வரை இருக்கலாம். 5/16 அங்குல போல்ட், அதாவது இரண்டரை நூல், 7.94 மி.மீ. காலிப்பருக்கு இரண்டும் ஒன்றுதான். பிட்ச் கேஜின் பற்களை மரையில் வைத்துப் பார்த்தால்தான் குட்டு உடையும்: எம்8-இல் மரைக்கு மரை 1.25 மி.மீ. இடைவெளி, 5/16 அங்குலத்தின் பருமரையில் 1.41. எம்8-லேயே 1 மி.மீ. இடைவெளியுள்ள நுண்மரையும் உண்டு.

நீளத்தை அறுகோணத் தலை போல்ட்டில் தலைக்குக் கீழிருந்து அளப்பார்கள். பலகையோடு சமமாகப் பதியும் தலை என்றால் தலையையும் சேர்த்து. பிறகு தலையில் பொறித்த 8.8 போன்ற எண். முதல் எட்டு, சதுர மில்லிமீட்டருக்கு 800 நியூட்டன் இழுவை வரை அறாது என்கிறது. இரண்டாவது எட்டு, அதில் 80 சதவீதத்தில் நிலையாக நீளத் தொடங்கும் என்கிறது. ஆகவே ஆர்டரில் ‘எட்டு எம்எம் போல்ட்’ என்று எழுதினால் பாதிகூட எழுதியதாகாது. எம்8 × 1.25 × 40, 8.8, அறுகோணத் தலை, துத்தநாகப் பூச்சு என்று இத்தனையும் தாளில் ஏறவேண்டும்.

பர்மிங்காமில் கண்ணாடியை மாற்றிய அந்த இரவு, அதற்கு எந்த எண் போல்ட் என்று ஸ்டோரில் இருந்தவர் சரியாகவே சொல்லியிருந்தார். கழற்றிய போல்ட் அதைவிட நீளம் குறைந்த வேறு எண். அதுதான் அன்று மாதிரியாயிற்று.