இல்லத் தோட்டம்

வீடு என்பது சுவரும் கூரையும் மட்டும் அன்று. அதைச் சூழ்ந்த நிலமும், அந்நிலத்தில் தழைத்து நிற்கும் செடிகொடிகளும் சேர்ந்தே அதனை மனையாக்குகின்றன. நம் முன்னோர் முன்றிலில் முல்லைப் பந்தரும், முற்றத்தில் துளசியும், கொல்லையில் வாழையும் கறிவேப்பிலையும் வளர்த்தனர். கபிலர் இயற்றிய குறிஞ்சிப்பாட்டில் 99 மலர்களின் பெயர்கள் அடுக்கிக் கூறப்பட்டுள்ளன. இன்று நம்முள் எத்துணைப் பேர், செடியைக் கண்ட அளவில் பத்து மலர்களின் பெயரையேனும் சொல்ல வல்லோம்? செடிகளை நன்கு அறிவதற்கு, அவற்றை நாமே வளர்த்துப் பார்ப்பதினும் சிறந்த வழி இல்லை.

தோட்டம் போடுவதற்குப் பெருநிலம் வேண்டுவதில்லை. கிணற்றடியில் உள்ள சிறிது இடமும், மாடியில் வைத்த நான்கு மண்தொட்டிகளும் போதும். ஆயினும் ஒன்றை மறத்தல் ஆகாது. அழகாக இருக்கிறது என்று ஒரு செடியை வாங்கி வந்து, அதன்பின் அதற்கு இடம் தேடுவோர் பலர். அவ்வாறு வாங்கிய செடி சில திங்களில் வாடிவிடும். முதலில் இடத்தை அறிய வேண்டும். பின்னரே அவ்விடத்திற்கு ஏற்ற செடியைத் தேர்ந்தெடுத்தல் வேண்டும். காலை, நண்பகல், மாலை ஆகிய மூன்று வேளைகளிலும் வெயில் எங்கே விழுகிறது, மழைநீர் எங்கே தேங்குகிறது, மண் களியா மணலா என்பவற்றை இரண்டு நாள் உற்று நோக்கினால் இடத்தின் இயல்பு விளங்கிவிடும்.

நாள்தோறும் ஆறு மணி நேரத்திற்குக் குறையாமல் வெயில் படும் இடத்தில் மல்லிகை, செம்பருத்தி, ரோஜா ஆகியவற்றை நடலாம். மல்லிகையை நிழலில் வைத்தால் இலை தழைக்குமே அன்றிப் பூ மிகுதியாகக் கிடைக்காது. அதன் அரும்புகள் புதிய தளிர்களிலேயே தோன்றும். ஆதலால், கார்த்திகைத் திங்களில் தரையினின்று 1½ அடி உயரத்தில் கிளைகளை வெட்டிவிட்டுத் தொழுஉரம் இட வேண்டும். பங்குனியில் செடி முழுதும் அரும்பு கட்டத் தொடங்கும். முல்லை படர்வதற்குக் கொழுகொம்பு வேண்டும். கொம்பின்றித் தவித்த முல்லைக்குத் தன் தேரையே ஈந்தான் பாரி வள்ளல். நமக்கு இரண்டு மூங்கிற்கழிகளும் சிறிது கயிறுமே போதும்!

சற்று நிழலான இடம் பயனற்றது என எண்ணற்க. நந்தியாவட்டை அரைநிழலிலும் வெண்மலர் பூத்துக் குலுங்கும். கிணற்றடியின் ஈரத்தில் வல்லாரையும் வெற்றிலைக் கொடியும் செழித்து வளரும். புதினாத் தண்டைக் கிள்ளி ஊன்றினால் விரைவில் வேர்பிடித்துப் படரும்.

மூலிகைகளுள் முதலில் வளர்க்கத்தக்கது துளசி. அது விதையிலிருந்து எளிதில் முளைக்கும். கதிர் விட்டு விதை முற்றிவிட்டால் இலைகள் சிறுத்துச் செடி முதுமையடையும். ஆதலால் பூங்கதிர்களை அவ்வப்போது கிள்ளிவிடுதல் நன்று. கற்பூரவல்லியின் தண்டு ஒரு சாண் இருந்தால் போதும். ஊன்றிய இடத்தில் தளிர்க்கும். முள் நிறைந்த தூதுவளையை வேலியின்மேல் படரவிடலாம். ஆடாதோடையை வேலியாகவே நடலாம். ஆடு தொடாத இலை ஆதலின் அதற்கு அப்பெயர் வந்தது என்பர். சோற்றுக் கற்றாழை தன் தடித்த மடல்களில் நீரைச் சேமித்து வைத்துக்கொள்வது. அதற்கு மணற்பாங்கான மண் வேண்டும்.

தொட்டியில் நடுவதாயின், செம்மண் இரண்டு பங்கு, மணல் ஒரு பங்கு, மக்கிய தொழுஉரம் ஒரு பங்கு எனக் கலந்து நிரப்ப வேண்டும். தொட்டியின் அடியில் துளை இருத்தல் இன்றியமையாதது. இலையைப் போலவே வேரும் மூச்சு விடுகிறது. நீர் தேங்கினால் மண்ணிடையே உள்ள காற்று வெளியேறிவிட, வேர் அழுகும். வீட்டுச் செடிகளுள் நீரின்மையால் மடிவன போலவே, அளவிறந்த நீரால் மடிவனவும் உள. மண்ணில் ஓர் அங்குல ஆழம் விரலால் கிளறிப் பாருங்கள்; ஈரம் இருந்தால் அன்று நீர் ஊற்ற வேண்டா. அரிசி களைந்த நீரையும் காய்கறி கழுவிய நீரையும் வீணாக்காமல் செடிக்கு ஊற்றலாம்.

தொட்டியின் அடித்தட்டில் நீர் நின்றால் அங்கே கொசு முட்டையிடும். முட்டை கொசுவாகிப் பறப்பதற்கு ஏறத்தாழ எட்டு முதல் பத்து நாள் ஆகும். ஆகவே வாரம் ஒருமுறை தவறாமல் அந்நீரைக் கொட்டித் தட்டைத் தேய்த்துக் கழுவினால், டெங்குக் காய்ச்சலைப் பரப்பும் கொசு நம் வீட்டில் பெருக இடமிராது. செம்பருத்தியில் மாவுப்பூச்சி கண்டால், ஒரு லிட்டர் நீரில் 5 மில்லி வேப்பெண்ணெயும் சிறிது சோப்புக் கரைசலும் கலந்து மாலை வேளையில் தெளிக்கலாம். பறித்து உண்ணும் மூலிகைகளின் மீது கடுமையான பூச்சிக்கொல்லிகளைத் தெளித்தல் கூடாது.

இனி, தோட்டம் அமைப்போர் உள்ளத்தில் இருத்த வேண்டிய செய்தி ஒன்று உண்டு. அழகிய செடிகள் யாவும் தீங்கற்றவை அல்ல. நெடுஞ்சாலைகளின் நடுவே பூத்து நிற்கும் அரளியின் எல்லாப் பகுதிகளும் நஞ்சு. மஞ்சள் நிறப் பூப் பூக்கும் பொன்னரளியின் கொட்டை இதயத் துடிப்பையே நிறுத்தவல்லது. தமிழ்நாட்டின் மாநில மலராகிய செங்காந்தள் தீச்சுடர் போன்ற எழில் உடையது. அதன் கிழங்கோ உண்டாரைக் கொல்லும். சிறு குழந்தைகளும் கறவை மாடுகளும் உள்ள இல்லங்களில் இவற்றை விலக்குதலே அறிவுடைமை. யாரேனும் அறியாது உண்டுவிட்டால், கைமருந்து செய்து காலத்தைப் போக்காமல், அச்செடியின் ஒரு கொத்தையும் எடுத்துக்கொண்டு உடனே மருத்துவமனைக்கு விரைதல் வேண்டும். நஞ்சு இன்னதென அறிந்தால் மருத்துவர் தக்க சிகிச்சையை விரைந்து தொடங்க இயலும்.

நித்தியகல்யாணிச் செடி இவ்வுண்மையை நமக்கு இன்னும் நன்றாக உணர்த்தும். மடகாஸ்கர் தீவினின்று உலகெங்கும் பரவிய இச்செடி, வறண்ட மண்ணிலும் ஆண்டு முழுதும் பூப்பதால் இப்பெயர் பெற்றது. கனடா நாட்டு அறிவியலார் இராபர்ட் நோபிள், சார்லஸ் பீர் ஆகிய இருவரும் இதன் இலையிலிருந்து வின்பிளாஸ்டின் என்னும் மருந்துப் பொருளைப் பிரித்தெடுத்து 1958ஆம் ஆண்டில் வெளியிட்டனர். இதே செடியிலிருந்து கிடைக்கும் வின்கிரிஸ்டின், குழந்தைகளைத் தாக்கும் இரத்தப் புற்றுநோய்க்கு இன்றும் மருந்தாகப் பயன்படுகிறது. ஆனால், இவ்விலையை மென்று தின்றால் நோய் தீராது. உடலுக்குத் தீங்கே விளையும். மிக நுண்ணிய அளவில் பிரித்து, அளந்து, மருத்துவர் கொடுக்கும்போதுதான் அது மருந்தாகிறது. மருந்தையும் நஞ்சையும் வேறுபடுத்துவன அளவும் அறிவுமே ஆகும். பெயர் உறுதியாகத் தெரியாத செடியின் இலையையோ காயையோ வாயில் இடாதிருத்தல், மூலிகை வளர்ப்போர்க்கு முதற் பாடம்.

மாணவர்களே! இவ்வாண்டு மழைக்காலம் தொடங்கும் முன்னரே ஒரு செடியையேனும் நடுங்கள். அதன் பெயரைச் சிறு பலகையில் எழுதி அருகே நாட்டுங்கள். நட்ட நாள், முதல் தளிர் விட்ட நாள், முதற்பூப் பூத்த நாள் ஆகியவற்றை ஓர் ஏட்டில் குறித்து வாருங்கள். உங்கள் பாட்டியாரிடமும் அண்டை வீட்டு முதியோரிடமும் அச்செடியைப் பற்றிக் கேட்டறியுங்கள். அவர்கள் கூறுவதை நூல்களோடு ஒப்பிட்டுப் பாருங்கள். எழுதி வைக்கப்படாத அறிவு, அறிந்தோர் மறைந்தபின் மறைந்துவிடும். ஒரு செடியை வளர்ப்பவர் தம் முற்றத்தில் நிழலையும் மணத்தையும் பெறுவதோடு, தலைமுறைகள் சேர்த்த செடியறிவையும் அழியாமல் காக்கின்றார்.